போர்ச்சுகீசியத்தில் மணி கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகீசியம் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே மணி கேட்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கேட்ட பிறகு எதிராளி படபடவென்று சொல்லும் பதிலில்தான் மாட்டிக்கொள்வார்கள். அதனால் இங்கே கேள்விக்குக் கொஞ்சம் இடமும் பதிலைக் காதில் வாங்குவதற்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறேன். சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். போர்ச்சுகலும் பிரேசிலும் வேறு வேறாகச் சொல்லும் இடங்களில் முக்கியமானவற்றுக்கு இரண்டையும் காட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு வாக்கியம்தான் கற்க முடியும் என்றால் எதைக் கற்பது?

"கி ஓரஸ் ஸௌம்?" இது போதும். லிஸ்பனிலும் சாவ் பாவ்லோவிலும் அங்கோலாவின் லுவாண்டாவிலும் மொசாம்பிக்கின் மப்புட்டோவிலும் இது செல்லும். சின்னப் பையனிடமும் கேட்கலாம், பெரியவரிடமும் கேட்கலாம்.

ஆனால் தெரியாதவரிடம் நேரே போய் இதை மட்டும் கேட்டால் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். முதலில் வணக்கம் சொல்லுங்கள். காலையில் "போம் தீயா" (பிரேசிலில் "போம் ஜீயா"), மதியத்துக்கு மேல் "போவா தார்த்" (பிரேசிலில் "போவா தார்ஜி"), இருட்டிய பிறகு "போவா நொய்த்" (பிரேசிலில் "போவா நோய்ச்சி"). மணியே தெரியாமல் எந்த வணக்கத்தைச் சொல்வது என்று குழம்ப வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும்தான் அவர்களும் சொல்கிறார்கள். அப்புறம் "தெஷ்குல்ப்" என்று ஒரு மன்னிப்பு, அதன் பிறகு கேள்வி. முடிவில் போர்ச்சுகலில் "ஸி ஃபாஷ் ஃபவோர்", பிரேசிலில் "போர் ஃபவோர்" சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நன்றி சொல்லும்போது ஆண் "ஓப்ரிகாது" என்றும் பெண் "ஓப்ரிகாதா" என்றும் சொல்ல வேண்டும். சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு. கேட்பவர் யார் என்பது இங்கே பொருட்டில்லை.

அந்த "ஸௌம்" வாயில் வரவே மாட்டேன் என்கிறதே?

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சுலபமாகவே வரும். "நாளைக்கு மழை வரும்" என்பதை வீட்டில் பேசுவதுபோல் சொல்லிப் பாருங்கள். "வரும்" என்பதன் கடைசி ம் உதட்டில் முழுதாக மூடாது, உயிரொலி மூக்கு வழியாகக் கரைந்துபோகும். "அவன் வந்தான்" என்று பேச்சில் சொல்லும்போதும் கடைசி ன் அப்படித்தான் மறையும். போர்ச்சுகீசியத்தின் மூக்கொலியும் இதுவே. ஆகவே நான் ம் என்று எழுதும் இடத்தில் உதட்டை மூடாதீர்கள், "வரும்" சொல்வதுபோல் விட்டுவிடுங்கள். "ஸௌம்" வந்துவிடும்.

"ஓரஸ்" என்பதன் எழுத்துவடிவம் ஹ-வுக்கான எழுத்தில் தொடங்கும், ஆனால் அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது. ஹோரஸ் என்று சொல்ல வேண்டாம். ஓ-வைச் சற்று அகலத் திறந்து, ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் சொல்லுங்கள். போர்ச்சுகலில் கடைசி ஸ் "ஷ்" ஆகும்: "ஓரஷ்". ரியோ டி ஜெனிரோவிலும் ஷ்தான். சாவ் பாவ்லோவில் ஸ். சொல்லை நினைவில் வைக்க ஒரு வழி: நம் பஞ்சாங்கத்தில் வரும் சுக்கிர ஓரை, குரு ஓரையின் "ஓரை"யும் இந்த "ஓரா"வும் கிரேக்கத்திலிருந்து வெவ்வேறு வழியாக வந்த ஒரே சொல்.

இன்னொன்று, "துவஸ்", "தெஸ்", "தீயா" போன்றவற்றில் வரும் த, "தோசை"யின் த. "த்ரேஸ்", "தார்த்" இரண்டிலும் முதலில் வருவது "தயிர்" த. இதைக் கலந்துவிட்டால் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம்.

"தேய்ம் ஓரஸ்?" என்றும் கேட்கிறார்கள். அது என்ன?

"மணி இருக்கா?" என்று நேரடியாகப் பொருள். தெருவில் அதிகம் காதில் விழுவது இதுதான். போர்ச்சுகலில் "தெய்ம் ஓரஷ்?", பிரேசிலில் "வொசே தேய்ம் ஓரஸ்?" அல்லது இன்னும் சுருக்கமாக "தேய்ம் ஓரா அயீ?"

இங்கே மரியாதை விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரேசிலில் "வொசே" (நீ, நீங்கள்) என்பது பெரும்பாலான ஊர்களில் எல்லோருக்கும் பொதுவான சொல், அதில் குறை எதுவும் இல்லை. அதே "வொசே"யைப் போர்ச்சுகலில் தெரியாதவரிடம் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். நாம் ஒரு பெரியவரைப் பார்த்து "உனக்கு" என்று சொல்லிவிட்டால் ஆகும் சங்கடம் மாதிரி. அதற்கு அவர்கள் கண்டிருக்கும் வழி, அந்தச் சொல்லையே விட்டுவிடுவது. வெறும் "தெய்ம் ஓரஷ்?" என்றால் வினைச்சொல்லிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது, நாம் "மணி என்னங்க?" என்று முடித்துக்கொள்வதுபோல. வயதானவரிடம் இரு நாட்டிலும் ஆணுக்கு "உ ஸெஞோர்", பெண்ணுக்கு "அ ஸெஞோரா" சேர்க்கலாம். நண்பரிடம் போர்ச்சுகலில் "தெய்ம்ஸ் ஓரஷ்?" என்று "நீ" வடிவத்துக்கு இறங்கிவிடலாம்.

இன்னும் பணிவாகக் கேட்க: போர்ச்சுகலில் "பொத் திஸேர்-ம் அஸ் ஓரஷ்?", பிரேசிலில் "பொஜி மி ஜிஸேர் அஸ் ஓரஸ்?" மணி சொல்ல முடியுமா என்பதுதான் இரண்டும். "எனக்கு" என்ற சின்னச் சொல் போர்ச்சுகலில் வினைக்குப் பின்னாலும் பிரேசிலில் முன்னாலும் வருகிறது. மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

கேட்டுவிட்டேன். பதில்தான் புரியவில்லை. என்ன செய்வது?

இதுதான் உண்மையான பாடம். புத்தகத்தில் "ஸௌம் த்ரேஸ் ஓரஸ் இ த்ரீந்தா மினூத்துஸ்" (மூன்று மணி முப்பது நிமிடம்) என்று முழுதாகப் போட்டிருப்பார்கள். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஓரஸ்", "மினூத்துஸ்" இரண்டும் உதிர்ந்துவிடும், பல நேரம் "ஸௌம்"கூடப் போய்விடும். மிஞ்சுவது "த்ரேஸி மேய". மூன்றரை.

கவனியுங்கள், "த்ரேஸ்", "இ", "மேய" என்று மூன்று சொல் தனித்தனியாக வரவில்லை. "இ" என்றால் "உம்" (மூணும் அரையும்). அது முன் சொல்லின் ஸ்-ஸோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக இருந்தபோது போர்ச்சுகலில் "த்ரேஷ்" என்று ஒலித்தது, பின்னால் உயிரெழுத்து வந்ததும் ஷ் மறைந்து, தேனீ ரீங்கரிப்பதுபோன்ற ஸ் ஆகிவிடுகிறது. "துவஷ்" (இரண்டு) "துவஸி மேய" ஆகும். "தெஷ்" (பத்து) "தெஸி தெஷ்" ஆகும், அதாவது பத்து பத்து. எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இதனால்தான். எண்ணைக் கற்கும்போதே "இ"-யோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்: துவஸி, த்ரேஸி, ஸேய்ஸி, தெஸி.

அடுத்த தடுமாற்றம், நிமிடங்களைப் பின்னிருந்து எண்ணுவது. நாம் "நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு" என்கிறோம் இல்லையா, பிரேசிலில் அச்சாக அதே மாதிரி "தெஸ் பரா அஸ் க்வாத்ரு" என்பார்கள், பேச்சில் அது "தெஸ் ப்ராஸ் க்வாத்ரு" என்று சுருங்கும். முன்னால் "ஃபால்தௌம்" (பாக்கியிருக்கிறது) என்ற சொல்லும் சேர்வதுண்டு. போர்ச்சுகலில் இதுவும் உண்டு, கூடவே "க்வாத்ரு மேனுஷ் தெஷ்", அதாவது "நாலில் பத்து குறைய" என்பதும் உண்டு. முதலில் காதில் விழும் எண் மணியா நிமிடமா என்பது நடுவில் வரும் சொல்லைப் பொறுத்தது. "ப்ராஸ்" வந்தால் முதல் எண் நிமிடம். "மேனுஷ்" வந்தால் முதல் எண் மணி. எந்த வடிவத்திலும் மணி இன்னும் நான்கு ஆகவில்லை. பேருந்தைப் பிடிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்றாவது, பதின்மூன்றும் மூன்றும். பிரேசிலில் 13 "த்ரேஸி". "மூணே கால்" என்பதற்கான "த்ரேஸ் இ கீன்ஸி" ஒட்டிப் பேசும்போது "த்ரேஸி கீன்ஸி" ஆகிறது. பதின்மூன்று பதினைந்து, அதாவது மதியம் ஒன்றே கால், ஏறக்குறைய அதே ஒலியில்தான் வரும். சந்தேகம் வந்தால் தயங்காமல் "ஊமா இ கீன்ஸி?" (ஒன்றே காலா?) என்று திருப்பிக் கேளுங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ தெளிவான பதில் கிடைத்துவிடும்.

எதுவுமே பிடிபடவில்லை என்றால், "மாய்ஸ் தெவகார், போர் ஃபவோர்" (மெதுவாகச் சொல்லுங்கள்). இதையும் சொல்ல வெட்கமாக இருந்தால் வெறும் "கோமு?" என்று கேட்டாலும் மறுபடி சொல்வார்கள். பெரும்பாலும் கைக்கடிகாரத்தையோ செல்போனையோ திருப்பிக் காட்டிவிடுவார்கள். படிப்பவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எப்போது "எ", எப்போது "ஸௌம்"?

ஒரு மணி, நண்பகல், நள்ளிரவு ஆகிய மூன்றும் ஒருமை: "எ ஊமா", "எ மேயு தீயா", "எ மேய நொய்த்". மற்றதெல்லாம் பன்மை, "ஸௌம்". கேள்வி மட்டும் எப்போதும் பன்மையில்தான், உண்மையில் மணி ஒன்றாகவே இருந்தாலும்.

இரண்டுக்கு ஒரு இடத்தில் "துவஸ்", இன்னொரு இடத்தில் "தோய்ஸ்" என்கிறார்களே?

"ஓரா" பெண்பால், "மினூத்து" ஆண்பால். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் பால் வேறுபாடு உண்டு. அதனால் 2:02 என்பது "துவஸ் இ தோய்ஸ்". முதல் இரண்டு மணி, அடுத்த இரண்டு நிமிடம். மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை இந்தத் தொல்லை இல்லை. இருபத்தோராம் மணியை "வீந்த் இ ஊமா" என்றும் இருபத்திரண்டாம் மணியை "வீந்த் இ துவஸ்" என்றும் பெண்பாலில் சொல்ல வேண்டும்.

அரை, கால், முக்கால் உண்டா?

அரைக்கு "மேய", எல்லா ஊரிலும். காலுக்குப் போர்ச்சுகலில் "இ ஊம் க்வார்து" சொல்வார்கள், பிரேசிலில் "இ கீன்ஸி" (பதினைந்து) என்றே சொல்வார்கள். அங்கே "க்வார்து" போட்டால் பாடப்புத்தக வாடை அடிக்கும். முக்காலுக்கு நம்மைப்போல் தனிச் சொல் இல்லை. நாலே முக்காலுக்கு "ஐந்துக்குக் கால்" அல்லது "ஐந்தில் கால் குறைய" என்றுதான் சொல்ல வேண்டும்: போர்ச்சுகலில் "ஊம் க்வார்து பரா அஷ் ஸீன்கு" அல்லது "ஸீன்கு மேனுஷ் ஊம் க்வார்து", பிரேசிலில் "கீன்ஸி ப்ராஸ் ஸீன்கு".

நண்பகல் பன்னிரண்டரை "மேயு தீயா இ மேய". நண்பகலைக் குறிக்கும் "மேயு" ஆண்பால், பின்னால் வரும் "மேய" அரை மணி, பெண்பால். இதை அந்த மொழிக்காரர்களிலேயே பலர் "மேயு தீயா இ மேயு" என்று சொல்வதைக் கேட்கலாம். எழுத்தில் முதல் வடிவமே சரி.

பிரேசிலில் யாராவது தொலைபேசி எண் சொல்லும்போது "மேய" என்றால் அது அரை இல்லை, ஆறு. அரை டஜன் என்பதன் சுருக்கம் அது. மணி சொல்லும்போது ஆறுக்கு "ஸேய்ஸ்"தான்.

காலை மூணா, மதியம் மூணா என்று எப்படித் தெரியும்?

பின்னால் "த மஞாம்" (காலை), "த தார்த்" (பிற்பகல்), "த நொய்த்" (இரவு) சேர்ப்பார்கள். மஞாமில் வரும் ஞ நம் "ஞாயிறு" ஞ-வேதான். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை உள்ள பொழுதுக்கு "மத்ருகாதா" என்று அழகான தனிச் சொல் இருக்கிறது. "துவஸ் த மத்ருகாதா" என்றால் பின்னிரவு இரண்டு. "துவஸ் த மஞாம்" என்றும் சொல்வதுண்டு.

ரயில், விமானம், மருத்துவர் சந்திப்பு, வங்கி என்று எழுத்தில் வரும் எல்லாவற்றிலும் 24 மணிக் கணக்கு. பேசும்போது மட்டும் 12-க்கு இறங்குவார்கள். டிக்கெட்டில் 17:40 இருக்கும், நடத்துனர் வாயில் "வீந்த் ப்ராஸ் ஸேய்ஸ்" (ஆறுக்கு இருபது) என்று வரும். இரண்டும் ஒன்றுதான். எழுதும்போது நடுவில் புள்ளிக்குப் பதில் "ஓரா"வின் முதலெழுத்தைப் போட்டு, பதினான்கு, அந்த எழுத்து, முப்பது என்று எழுதுவது வழக்கம். போர்டில் எண்களுக்கு நடுவில் ஒரு எழுத்து துருத்திக்கொண்டிருந்தால் அது நேரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இங்கும் நாடு பார்க்க வேண்டும். 16, 17, 19 ஆகிய எண்கள் போர்ச்சுகலில் "தெஸஸேய்ஷ்", "தெஸஸெத்", "தெஸநொவ்". பிரேசிலில் "தெஸெஸேய்ஸ்", "தெஸெஸெச்சி", "தெஸெநொவி". ஒரு உயிரெழுத்துதான் மாறுகிறது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்க?

முன்னால் ஒரு "அ" சேருங்கள்: "அ கி ஓரஸ்?" பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதற்கு லிஸ்பனில் "அ கி ஓரஷ் ஸாய் உ அவ்டோகார்ரு?" பிரேசிலில் பேருந்து "ஓனிபுஸ்". பேச்சில் அந்த "அ"வையும் விழுங்கிவிட்டு "கி ஓரஸ் ஸாய் உ ஓனிபுஸ்?" என்பார்கள். ரயில் போர்ச்சுகலில் "கொம்போயு", பிரேசிலில் "த்ரேய்ம்".

பதில்: மூன்று மணிக்கு "ஆஸ் த்ரேஸ்", ஒரு மணிக்கு "ஆ ஊமா", நண்பகலில் "ஆவ் மேயு தீயா". ஒன்பது முதல் ஐந்து வரை "தஸ் நொவ் ஆஸ் ஸீன்கு". கடை வாசலில் நிற்கும்போது மிகவும் உதவும் வடிவம் இது.

நேரத்துக்கு "தெம்பு" என்று அகராதியில் இருக்கிறது. அதை வைத்துக் கேட்கலாமா?

கூடாது. "தெம்பு" என்பது கால அளவு, அதோடு வானிலையும் அதுவே. "தேய்ம் தெம்பு?" என்றால் "உங்களுக்கு நேரம் இருக்கிறதா, கொஞ்சம் பேசலாமா?" "க்வாந்து தெம்பு?" என்றால் எவ்வளவு நேரம் ஆகும். "கி தெம்பு ஃபாஸ்?" என்றால் வெயிலா மழையா. கடிகாரம் காட்டும் மணிக்கு "ஓரஸ்" மட்டுமே.

சுமாரான மணியை எப்படிச் சொல்கிறார்கள்?

"மூணு மணி வாக்கில்" என்பதற்கு "போர் வொல்தா தஸ் த்ரேஸ்", பேச்சில் "லா பேலஸ் த்ரேஸ்". "மூணு சொச்சம்" என்றால் போர்ச்சுகலில் "த்ரேஸ் இ தால்", பிரேசிலில் "த்ரேஸ் இ போகு". டாண் என்று மூன்றுக்கு என்றால் "த்ரேஸ் எய்ம் போன்து". யாராவது இந்தக் கடைசிச் சொல்லைச் சேர்த்துச் சொன்னால், உண்மையாகவே அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

"ஆதே லோகு" என்ற விடைச்சொல்லிலும் எச்சரிக்கை தேவை. "லோகு" போர்ச்சுகலில் "இன்றைக்குப் பிறகு ஒரு நேரம்", பிரேசிலில் "சீக்கிரமே". ஒருவர் "லோகு" வருகிறேன் என்றால் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக் காத்திருங்கள்.

எல்லோரிடமும் செல்போன் இருக்கும் காலத்தில் யார் மணி கேட்கிறார்கள்?

சார்ஜ் தீர்ந்தவர்கள், மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள், கடற்கரையில் போனை அறையில் விட்டுவந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பிரேசிலின் பெருநகரத் தெருவில் செல்போனை வெளியே எடுக்கப் பலர் தயங்குவார்கள், திருட்டு பயம்தான் காரணம். அங்கே நடந்துபோகிறவரை நிறுத்திக் கேட்பதைவிடக் கடைக் கவுண்டரிலோ பேருந்துக்குள்ளோ கேட்பது இருவருக்கும் நிம்மதி.

மொழி படிப்பவருக்கு இதில் வேறொரு லாபம் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுத் தொடங்க இதைவிடப் பாதுகாப்பான கேள்வி கிடையாது. பதில் சில நொடிகளில் முடிந்துவிடும், இருவருக்கும் தொந்தரவில்லை, உங்கள் காதுக்கு ஒரு பயிற்சி கிடைக்கும். கையில் கடிகாரம் இருந்தால் மட்டும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து கூப்பிட்டால் அங்கே மணி என்ன?

போர்ச்சுகல் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் வித்தியாசம் நாலரை. அஸோர்ஸ் தீவுகள் தலைநிலத்தைவிட இன்னும் ஒரு மணி பின்னால். அதனால்தான் போர்ச்சுகல் வானொலியில் மணி சொல்லும்போது "மேனுஸ் ஊமா நுஸ் அஸோரெஷ்" (அஸோர்ஸில் ஒன்று குறைவு) என்று சேர்த்துச் சொல்வார்கள்.

பிரேசிலில் நான்கு நேர மண்டலங்கள். பெருவாரியான மக்கள் பிரசிலியா நேரத்தில் வாழ்கிறார்கள், அது நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால். அமேசோனாஸின் பெரும்பகுதி அதைவிட ஒரு மணி, ஆக்ரே இரண்டு மணி பின்னால். கிழக்கே பெர்னாண்டோ டி நொரோனா தீவு ஒரு மணி முன்னால். நாடு முழுவதற்கும் உரிய அறிவிப்பில் "ஒராரியு ஜி ப்ரஸீலியா" (பிரசிலியா நேரம்) என்று குறிப்பிடுவது அதனால்தான். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பயண நூலை நம்பி ஒரு மணி கூட்ட வேண்டாம்.

அங்கோலா நமக்கு நாலரை மணி நேரமும் மொசாம்பிக் மூன்றரை மணி நேரமும் பின்னால். கிழக்குத் திமோர் மட்டும் மூன்றரை மணி முன்னால். இலங்கையிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய வழி உண்டா?

உண்டு. போர்ச்சுகல், பிரேசில் செய்தி வானொலிகள் இணையத்தில் நேரலையாகக் கிடைக்கின்றன. மணிக்கு ஒருமுறை செய்தி தொடங்கும்போது நேரம் சொல்வார்கள். சொல்வதற்கு முன்னால் அங்கே மணி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டு, அதைப் போர்ச்சுகீசியத்தில் வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்து கேட்கும்போது ஒட்டிப்போன சொற்கள் காதில் தானாகப் பிரியும். இது பழகிய பிறகு, நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மணியை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். 4:40 என்றால் முதலில் "க்வாத்ரு இ க்வரேந்தா", பிறகு "வீந்த் ப்ராஸ் ஸீன்கு". இரண்டாவதைச் சொல்ல எண்ணிப் பார்க்காமல் வாய் வரும் அளவுக்குப் பழகுங்கள், பதிலாகக் காதில் விழுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.